விடுதலைப் பத்திரம்

எங்கள் வீட்டு பீரோவில் 2007-ஆம் வருடத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது. தலைப்பு, 'விடுதலைப் பத்திரம்'. பூர்வீக நிலத்தில் தனக்குள்ள பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுப்பதாக அத்தை போட்ட கையெழுத்து. அன்றைக்கு அத்தைக்கு ஒரு பட்டுப்புடவை, ஓட்டலில் சாப்பாடு. அடுத்த மாதமே அந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்று எனக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினார்கள்.

யாரும் அத்தையை மிரட்டவில்லை. "பொம்பளப் புள்ளைக்குச் செய்ய வேண்டியதை கல்யாணத்துலயே செஞ்சாச்சு" என்பதுதான் வீட்டுக் கணக்கு.

பெண்ணுக்கு நிலம் என்பது நமக்குப் புதுசு இல்லை. மகளுக்குச் சீராகக் கொடுத்த நிலத்துக்கு 'மஞ்சக்காணி' என்று தனிப்பெயரே உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தை விற்ற, கோயிலுக்குத் தானம் கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் சில கல்வெட்டுகளில் அந்தப் பெண்ணோடு 'முதுகண்' என்று ஓர் ஆணின் பெயரும் வரும். அவள் சார்பில் நிற்கும் காப்பாளர். நிலம் அவளுடையது, பேசுவது அவர்.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937 சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்தது. ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம், இஷ்டப்படி விற்க முடியாது. 1956-இல் அந்தக் கட்டு நீங்கியது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போனதில் மகளுக்கும் சமபங்கு வந்தது. பூர்வீகச் சொத்து மட்டும் பழையபடிதான். மகன் பிறந்ததுமே பங்காளி. மகளுக்கு, அப்பா இறந்த பிறகு அவருடைய பங்கிலிருந்து ஒரு துண்டு. தமிழ்நாடு இதை 1989-இல் திருத்தியது, செங்கல்பட்டுக்கு அறுபது வருடம் கழித்து. அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு இல்லை. அத்தைக்குக் கல்யாணம் 1986-இல்.

2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியச் சட்டத் திருத்தம் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டது. தாத்தா இறந்தது 2006-இல். அதாவது கையெழுத்துப் போட்ட அன்று அத்தை சட்டப்படி அப்பாவுக்குச் சமமான பங்காளி. மகள் பிறப்பாலேயே பங்குடையவள் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த செய்தியைப் படித்துவிட்டு, பத்திரத்தை எடுத்துத் தேதிகளைச் சரிபார்த்தபோதுதான் எனக்கே இது உறைத்தது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நிலக் கைப்பற்றுகளில் சுமார் 14 சதவீதமே பெண்களுடையவை. சட்டம் தாமதமாக வந்தது ஒரு காரணம். வந்த சட்டம் கொடுத்ததை சார்பதிவாளர் ஆபீஸில் பெண்களே திருப்பிக் கொடுத்துவிடுவது இன்னொன்று.

ஏன் கொடுத்தீங்க என்று போன பொங்கலுக்கு அத்தையிடம் கேட்டேன்.

"பங்கு உண்டுன்னு அப்பவே தெரியும்டா. கேட்டிருந்தா நிலம் வந்திருக்கும். என் பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் தட்டு வந்திருக்குமா? அங்க ஒரு சண்டைன்னா நான் எந்த வீட்டுக்கு வர்றது?"

அத்தை நிலத்தைச் சும்மா கொடுக்கவில்லை. பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்க இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறார். 2014-இல் மாமாவின் கடை நொடித்துப்போய், ஒரு பையோடு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு மூட்டை அரிசியும் நிறைய புத்திமதியும் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். நிலம் கையில் இருந்திருந்தால் விற்றோ அடகு வைத்தோ சமாளித்திருப்பார். அந்தப் பணத்தில்தான் நான் படித்து முடித்து வேலையில் இருந்தேன்.

மீதி நிலத்தை எனக்கும் தங்கச்சிக்கும் சமமாக எழுதிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. "மொதல்ல அத்தையோட பங்கை எடுத்து வைங்க, அப்புறம் நாம பிரிச்சுக்கலாம்" என்றாள் தங்கச்சி.

அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.