பண்ணையில் ஒரே சமையல்

விருந்துக்கு முன் சைவமா அசைவமா என்று கூகுள் ஃபார்ம் அனுப்புகிற கூட்டம் நாங்கள். காந்தி நேரிலேயே கேட்டார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் வாடகையில்லாமல் கொடுத்த 1100 ஏக்கர் டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாகிரகக் குடும்பங்கள் குடியேறின. தமிழர், குஜராத்தியர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி. எல்லோருக்கும் ஒரே சமையலறை.

மாட்டிறைச்சியே கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த வைணவர் பேச்செடுத்தார். சைவமே போதும் என்று சம்மதித்துவிட்டார்கள். காந்தியே வந்து கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

அதைவிட ரம்ஜான் கதைதான் எனக்குப் பிடிக்கும். முஸ்லிம் பையன்களோடு மற்றவர்களும் நோன்பில் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் இவர்கள் அந்திவரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அதனால் நோன்பு திறக்கும் நண்பர்களுக்குப் பலகாரம் செய்து பரிமாறினார்கள்.