டிஸ்ட்ரிக்ட் 9 திரைப்படத்தில் அயலார் சித்தரிப்பு

டிஸ்ட்ரிக்ட் 9 என்பது 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த அறிபுனைத் திரைப்படமாகும். தென்னாபிரிக்காவில் பிறந்த நீல் புளொம்காம்ப் இதனை இயக்கினார். பீட்டர் ஜாக்சன் தயாரித்தார். சிறந்த திரைப்படம் உள்ளிட்ட 4 ஆஸ்கார் விருதுகளுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. அயலாரை ஒதுக்கி வைப்பதைக் கண்டிக்கும் படமாகப் பாராட்டப்பட்ட இப்படம், நைஜீரியர்களை இழிவாகக் காட்டியது என்னும் கண்டனத்துக்கும் உள்ளானது.

கதைச் சுருக்கம்

1982 இல் ஜோகானஸ்பர்க் நகரின் மேல் ஒரு மாபெரும் விண்கலம் வந்து நிற்கிறது. அதனுள் பட்டினியால் நலிந்து கிடந்த வேற்றுக்கிரகவாசிகள் டிஸ்ட்ரிக்ட் 9 என்னும் முகாமில் குடியமர்த்தப்படுகின்றனர். காலப்போக்கில் முகாம் சேரியாகிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவர்களை நகருக்கு வெளியே அகற்றும் பணியை எம்.என்.யு. என்னும் தனியார் நிறுவனம் மேற்கொள்கிறது. அப்பணிக்குத் தலைமை தாங்கும் விக்கஸ் (ஷார்ல்டோ கோப்ளி) மீது ஒரு திரவம் பட்டுவிட, அவரது உடல் படிப்படியாக வேற்றுக்கிரகவாசியின் உடலாக மாறத் தொடங்குகிறது. அவர் பணிபுரிந்த நிறுவனமே அவரைத் துரத்துகிறது. அவர் தஞ்சம் புகுவது அதே முகாமில்தான்.

வரலாற்றுப் பின்னணி

படத்தின் பெயர் கேப் டவுன் நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்னும் பகுதியை நினைவூட்டுவது. இனவொதுக்கல் அரசு 1966 இல் அப்பகுதியை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக அறிவித்தது. அங்கு வாழ்ந்த 60,000 இற்கும் மேற்பட்டோர் பின்னர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. படத்தில் காணப்படும் "மனிதர்களுக்கு மட்டும்" என்னும் அறிவிப்புப் பலகைகள் அக்காலப் பலகைகளை ஒத்தவை.

எனினும் படம் பழைய வரலாற்றை மட்டும் பேசவில்லை. இதற்கு மூலமாக அமைந்த அலைவ் இன் ஜோபர்க் என்னும் புளொம்காம்பின் குறும்படத்தில் வரும் நேர்காணல்கள் சில உண்மையானவை. பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த குடியேறிகளைப் பற்றி ஜோகானஸ்பர்க் மக்கள் கூறிய கருத்துகளே அதில் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றியனவாக ஒலிக்கின்றன. டிஸ்ட்ரிக்ட் 9 படப்பிடிப்பு 2008 இல் சோவெட்டோவின் சியாவெலோ பகுதியில் நடைபெற்றது. அவ்வாண்டு மே மாதம் ஜோகானஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் குடியேறிகளுக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை பிற இடங்களுக்கும் பரவி, 62 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் அயல்நாட்டினர் அல்லாத தென்னாபிரிக்கர்களும் இருந்தனர்.

வேற்றுக்கிரகவாசிகளின் சித்தரிப்பு

மனிதர்கள் இவர்களை "இறால்" என்னும் வசைப்பெயரால் அழைக்கின்றனர். குப்பையைக் கிளறுவோர், வன்முறையாளர், அறிவற்றோர் என்பன இவர்களைப் பற்றிய பொதுக் கருத்துகள். முகாமில் இவர்களது முட்டைகளைத் தீயிட்டு அழிக்கும்போது, அவை வெடிக்கும் ஓசையைச் சோளப்பொரி பொரியும் ஓசையோடு ஒப்பிட்டு விக்கஸ் மகிழ்கிறார். ஆனால் கதை வளர வளர, கிறிஸ்டோபர் ஜான்சன் என்று அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசி தன் மகனைக் காக்கும் தந்தையாகவும், விண்கலத்தை மீண்டும் இயக்க முயலும் அறிவாளியாகவும் வெளிப்படுகிறார். பொதுக் கருத்து இவ்வாறு பொய்யாகிறது.

நைஜீரியர்களின் சித்தரிப்பும் எதிர்ப்பும்

முகாமிலுள்ள நைஜீரியர்கள் ஆயுதக் கடத்தல், பாலியல் தொழில் முதலியவற்றில் ஈடுபடும் கும்பலாகக் காட்டப்படுகின்றனர். வேற்றுக்கிரகவாசிகளின் சதையை உண்டால் அவர்களது ஆற்றல் கிட்டும் என இக்கும்பல் நம்புகிறது. கும்பல் தலைவனின் பெயர் ஒபசாஞ்சோ. இது 1999 முதல் 2007 வரை நைஜீரியாவின் குடியரசுத் தலைவராக இருந்த ஒலுசெகுன் ஒபசாஞ்சோவின் பெயராகும்.

2009 செப்டம்பரில் நைஜீரியாவின் தகவல் அமைச்சர் டோரா அகுன்யிலி, படத்தைத் திரையிட வேண்டாம் எனத் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டும் எனவும் கோரினார்.

திறனாய்வு

படம் ஒரு நையாண்டி என்பதும், அதில் வெள்ளை அலுவலர்களும் கொடியவர்களாகவே காட்டப்படுகின்றனர் என்பதும் ஆதரவாளர்களின் வாதம். மறுப்போர் வேறொன்றைச் சுட்டுகின்றனர். வெள்ளையருள் விக்கஸ் மனம் மாறுகிறார். வேற்றுக்கிரகவாசிகளுள் கிறிஸ்டோபருக்குக் குடும்பமும் நோக்கமும் உண்டு. நைஜீரியர்களுள் ஒருவருக்கேனும் இத்தகைய தனித்தன்மை வழங்கப்படவில்லை. 2008 வன்முறையின் பின்னணியில் இது முதன்மை பெறுகிறது. கற்பனையான அயலாரைப் பற்றிய தப்பெண்ணத்தைக் களையும் படம், ஜோகானஸ்பர்க்கில் உண்மையாகவே வாழும் அயலாரைப் பற்றிய தப்பெண்ணத்தை அவ்வாறே விட்டுவிடுகிறது என்பது இவர்களின் கருத்து.