அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் மேம்பாடு

அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் மேம்பாடு என்பது ஐக்கிய அமெரிக்காவில் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளில் கல்வித் தரத்தை உயர்த்தும் பொருட்டு ஆசிரியர்களுக்கு அளிக்கப்படும் தொடர் பயிற்சியையும் வழிகாட்டலையும் குறிக்கும். இப்பள்ளிகளில் பொதுவாக 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் உள்ளன. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் எனப்படும் இறுதி இரண்டு ஆண்டுகளும் இவற்றுள் அடங்கும்.

வரலாறு

1884 இல் கூடிய மூன்றாம் பால்ட்டிமோர் பொதுச்சங்கம் பங்குதோறும் பள்ளி அமைக்குமாறு பணித்தது. ஆசிரியர்களின் தகுதியைச் சோதிக்கத் தேர்வுக் குழுக்கள் அமைக்கவும் அது வழிவகுத்தது. தேசியக் கத்தோலிக்கக் கல்விக் கழகம் 1904 இல் உருவானது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கற்பித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அருட்சகோதரிகளே ஆவர். மாணவர் தொகை விரைந்து பெருகியதால், பட்டப்படிப்பை முடிக்கும் முன்னரே பலர் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கோடை விடுமுறைகளில் மட்டும் பயின்று, பல ஆண்டுகள் கழித்தே பட்டம் பெற்றனர். இக்குறையை 1949 இல் அருட்சகோதரி மேரி மதலேவா வுல்ஃப் தமது உரையொன்றில் வெளிப்படையாக எடுத்துரைத்தார். இதன் தொடர்ச்சியாக, பணிக்குச் செல்லும் முன்பே முழுமையான கல்வி வழங்கப்பட வேண்டும் எனக் கோரும் அருட்சகோதரிகள் உருவாக்க இயக்கம் 1954 இல் தோன்றியது.

1960களின் நடுப்பகுதியில் தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்து ஏறத்தாழ 52 இலட்சம் மாணவர்கள் கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்றனர். 2020களின் தொடக்கத்தில் இத்தொகை ஏறத்தாழ 17 இலட்சமாகக் குறைந்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர் துறவியரின் எண்ணிக்கையும் சரிந்தது. இன்று ஆசிரியர்களுள் பெரும்பாலோர் பொதுநிலையினர் ஆவர். முன்பு சபை இல்லங்களிலேயே கிடைத்த உருவாக்கத்தைப் பள்ளியே அளிக்க வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது.

கல்வித் தரம் குறித்த ஆய்வுகள்

ஜேம்ஸ் கோல்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982 இல் வெளியிட்ட ஆய்வு, கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அரசுப் பள்ளி மாணவர்களை விடக் கூடுதல் அடைவு பெறுவதாகக் கூறியது. மாணவர்கள் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்படுவதே இதற்குக் காரணம் எனச் சிலர் மறுத்தனர். அந்தோனி பிரைக், வலேரி லீ, பீட்டர் ஹாலண்ட் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட நூல் பள்ளிகளின் உள்ளமைப்பை ஆராய்ந்தது. திறன் வாரியாகப் பிரிக்காமல் எல்லா மாணவருக்கும் ஏறக்குறைய ஒரே அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தலும், ஆசிரியர் மாணவரிடையே நிலவும் நெருங்கிய உறவும் முதன்மையான காரணங்கள் என அது விளக்கியது.

வழிமுறைகள்

* தர அளவுகோல்கள்: 2012 இல் வெளியான தேசியத் தர அளவுகோல்கள் 13 தரங்களையும் 70 குறியீடுகளையும் கொண்டவை. ஆசிரியர்கள் குழுக்களாகக் கூடிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் தொடர்ந்து மேம்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.
* தரச்சான்று: பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டு அறிக்கை அளிக்கும். பிற பள்ளிகளின் கல்வியாளர்கள் நேரில் வந்து ஆராய்வர். மேற்கு மாநிலங்களில் மேற்கத்தியக் கத்தோலிக்கக் கல்விச் சங்கம் இப்பணியைச் செய்கிறது.
* இஞ்ஞாசியார் கற்பித்தல் முறை: இயேசு சபை 1993 இல் வெளியிட்ட இம்முறை சூழல், அனுபவம், மீள்சிந்தனை, செயல், மதிப்பீடு என ஐந்து கூறுகளைக் கொண்டது. ஆவணம் மட்டும் போதாது, ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தேவை என்பதை அது வலியுறுத்துகிறது.
* புதிய ஆசிரியர்கள்: நோட்ரே டேம் பல்கலைக்கழகம் 1993 இல் தொடங்கிய திட்டத்தில் பட்டதாரிகள் இரண்டு ஆண்டுகள் கத்தோலிக்கப் பள்ளிகளில் கற்பித்தவாறே கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெறுகின்றனர்.
* உயர்நிலைப் பாடங்கள்: காலேஜ் போர்டு 1955 முதல் நடத்தும் அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட் பாடங்களைக் கற்பிப்போருக்குக் கோடைக்காலப் பயிற்சிகள் உண்டு.

நிதியும் சட்டமும்

1965 ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டமும் அதனைத் திருத்திய 2015 ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் பள்ளி ஆசிரியர்களும் கூட்டரசு நிதியிலான பயிற்சியில் பங்குபெற இடமளிக்கின்றன. எனினும் பணம் பள்ளியின் கைக்கு வருவதில்லை. பொதுக்கல்வி மாவட்டமே அதனை நிர்வகிக்கிறது. அப்பணத்தில் நடைபெறும் பயிற்சி சமயச் சார்பற்றதாக இருத்தல் வேண்டும்.

1979 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திருச்சபை நடத்தும் பள்ளிகளின் ஆசிரியர்கள் மீது தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திற்கு அதிகாரம் இல்லை எனத் தீர்ப்பளித்தது. சிகாகோ உயர்மறைமாவட்ட உயர்நிலைப் பள்ளிகளும் அவ்வழக்கில் இடம்பெற்றன. இதனால் ஆசிரியர் சங்கத்தை ஏற்பது பெரும்பாலும் ஆயரின் அல்லது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

சிக்கல்கள்

கல்விக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருப்பதால், இப்பள்ளிகளின் ஊதியம் பொதுவாக அரசுப் பள்ளி ஊதியத்தை விடக் குறைவாக உள்ளது. பயிற்சி பெற்ற ஆசிரியர் சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிக்குச் சென்றுவிட்டால், அவருக்காகச் செலவிட்ட காலமும் பணமும் பள்ளிக்குப் பயன் தருவதில்லை. ஊதியத்தை உயர்த்தினால் கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் ஏழை மாணவர்கள் விலக நேரிடும். ஆகவே பயிற்சித் திட்டங்கள் மட்டுமன்றி, ஆசிரியரைப் பணியில் நிலைத்திருக்கச் செய்தலும் கல்வித் தரத்தின் இன்றியமையாத பகுதியாகும்.