பின்பக்கம் பாய மறுக்கும் பிள்ளை

நோர்வேயில் 'தூர்ன்' என்று அழைக்கப்படும் ஜிம்னாஸ்ரிக்ஸ் வகுப்புக்கு ஒஸ்லோவில் நம் பிள்ளைகள் பலர் ஐந்து, ஆறு வயதிலேயே போகத் தொடங்குகிறார்கள். உதைபந்தாட்டத்தைப் போல மழைக்குள் நின்று நனையத் தேவையில்லை என்பதும் பெற்றோருக்கு ஒரு காரணம். முதல் சில வருடங்கள் கரணமும் சிரிப்புமாகப் போகும். பத்து, பன்னிரண்டு வயதளவில் ஒருநாள் பிள்ளை பின்பக்கமாகப் பாயாமல் அப்படியே நின்றுவிடும். நேற்றுவரை எத்தனையோ தடவை செய்த அதே 'ஃப்ளிக் ஃப்ளாக்' தான். வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் நாம் கேட்கும் முதல் கேள்வி: "ஏன் செய்யேல்லை?"

பிள்ளைக்கும் அதற்குப் பதில் தெரியாது. பின்பக்கப் பாய்ச்சலில் இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடல் பழக்கத்தில்தான் அதைச் செய்கிறது. அந்த வயதில் கை கால்கள் திடீரென்று வளரும்போது பழைய கணக்குப் பிழைக்கிறது. சக பிள்ளை ஒன்று விழுந்ததைக் கண்டாலும் போதும், தானாக நடந்த அசைவுக்குள் யோசனை புகுந்துவிடும். இது சோம்பலுமல்ல, பிடிவாதமுமல்ல. 2021 இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்பதை உணரமுடியாமல் குழுநிலை இறுதிப்போட்டியின் நடுவில் விலகினார். உலகின் முதல்நிலை வீராங்கனைக்கே வரும் என்றால், ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு வருவதில் வியப்பில்லை.

போருக்குள் வளர்ந்த நமக்குப் பயம் என்றால் வேறு. செல் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்களுக்கு, மெத்தை விரித்த மண்டபத்தில் பாயப் பயப்படுவது விளையாட்டாகத்தான் தெரியும். "நாங்கள் பட்டதுக்கு இதெல்லாம் ஒரு பயமோ" என்று வாயில் வந்தும்விடும். அதைக் கேட்ட பிள்ளை பயப்படுவதை நிறுத்தாது, பயத்தை நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்தும். பயத்தை மறைத்துக்கொண்டு அரைமனதோடு பாயும் பிள்ளைதான் நடுவில் தயங்கிக் கழுத்திலோ கையிலோ அடிபடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பயிற்றுநர்கள் எல்லோரும் ஒரே மாதிரியில்லை. ஒருவர் கைபிடித்து, நுரைத்துண்டுக் குழிக்குள் பாயவிட்டு, படிப்படியாகக் கூட்டிவருவார். இன்னொருவர் "யோசிக்காதே, பாய்" என்பார், திரும்பத் திரும்பச் செய்தால் பயம் போய்விடும் என்று நம்புவார். ஒரே கழகத்தில் செவ்வாய்க்கிழமை ஒருவர், வியாழக்கிழமை மற்றவர் என்று வந்தால் பிள்ளை குழம்பிப்போகும். கண்டிப்பானவர் கூடாதவர், மென்மையானவர் நல்லவர் என்று நாம் பிரித்துவிடவும் முடியாது. கண்டிப்பான ஒழுங்கைப் பாதுகாப்பாக உணரும் பிள்ளைகளும் உண்டு.

பைல்ஸே இரண்டு விதத்தையும் கண்டவர். சிறுவயதிலிருந்து அவரைப் பயிற்றுவித்த எமி போர்மன் பிள்ளையின் மனநிலை பார்த்து நடப்பவர். தேசிய அணியை நடத்திய மார்த்தா கரோலியின் கண்டிப்புப் பெயர்பெற்றது. 2013 இல், பதினாறு வயதில், ஒரு போட்டியில் பைல்ஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறினார். எஞ்சியிருந்த பாய்ச்சலைச் செய்யவிடாமல் போர்மன் அவரைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார். அதன்பின் பைல்ஸ் விளையாட்டு உளவியலாளர் ஒருவரிடம் போனார். அதே வருடமே அமெரிக்கப் பட்டத்தையும் அன்ற்வேர்ப்பனில் உலகப் பட்டத்தையும் வென்றார். அன்றைக்குப் "பாய்" என்று தள்ளியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் நிறுத்தியதால் அவர் எதையும் இழக்கவில்லை.

கண்டிப்பு எல்லை மீறினால் என்னாகும் என்பதற்குப் பிரித்தானியா ஓர் உதாரணம். அங்கு 2022 இல் வெளியான வைற் அறிக்கை, காயத்தோடு பயிற்சி செய்யவைத்தது, உடல் எடையைச் சொல்லி அவமானப்படுத்தியது போன்றவற்றைப் பதிவுசெய்தது. பல பெற்றோர் மண்டபத்துக்குள்ளேயே அனுமதிக்கப்படவில்லை. ஆகவே நாம் பார்க்கவேண்டியது குரலின் உயரத்தை அல்ல. பிள்ளை "இன்றைக்கு ஏலாது" என்றால் அந்தப் பயிற்றுநர் என்ன செய்கிறார்? இலகுவான படிக்கு இறக்குகிறாரா, மற்றவர்கள் முன் நக்கலடிக்கிறாரா, தண்டனையாக ஓரத்தில் இருத்துகிறாரா? பெற்றோர் வந்து பார்ப்பதை விரும்புகிறாரா?

நோர்வேயில் நமக்குக் கையில் ஒரு பிடி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. நோர்வே விளையாட்டுச் சம்மேளனம் 1987 இல் சிறுவர் விளையாட்டுக்கான விதிகளை ஏற்றது. 2007 இல் அவை புதுப்பிக்கப்பட்டன. பிள்ளைக்குப் பாதுகாப்பு, நட்பு, 'மெஸ்ட்ரிங்' ஆகியவற்றுக்கு உரிமை உண்டு என்கின்றன. 'மெஸ்ட்ரிங்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கிடைப்பது கஷ்டம். 'என்னால் ஏலும்' என்று பிள்ளை தானே உணர்வது என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பயிற்சி செய்வது என்பதிலும் பிள்ளைக்குச் சொல் உண்டு. பதினொரு வயதை எட்டும் வருடத்துக்கு முன் தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது, பதின்மூன்றுக்கு முன் தேசிய சம்பியன் போட்டி கிடையாது. எனவே பத்து வயதில் ஆறு மாதம் ஒரு பாய்ச்சலை விட்டுவைத்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அவசரத்துக்கு இங்கு இடமே இல்லை.

பயிற்றுநரோடு பேசும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது, பயிற்சி நேரத்துக்கு வெளியே. இரண்டு பயிற்றுநர்கள் இருந்தால், அந்த ஒரு பாய்ச்சலுக்கு மட்டும் இருவரும் ஒரே படிமுறையைப் பின்பற்றும்படி கேட்கலாம். நியாயமான கழகம் அதைக் குறையாக எடுக்காது. வீட்டில் சோபாவிலும் புல்தரையிலும் செய்யவைத்து நாம் மூன்றாவது பயிற்றுநராக வேண்டாம். 'யூரியூப்' பார்த்துப் பிடிக்கப் போய்த் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து விழுவதுதான் மிச்சம். நித்திரை குழம்பினால், பயிற்சி நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தால், பாடசாலைத் தாதியிடம் பேசலாம்.

எல்லாம் பேசியும் சரிவராவிட்டால் கழகம் மாறலாம். அதுவும் அந்த விதிகளில் உள்ள உரிமைதான். மாறிய பிள்ளை புதிய இடத்தில் உடனேயே மற்றவர்களோடு சமமாகப் பங்குபற்றலாம். முதல்நாள் போகும்போது, எந்தப் பாய்ச்சலில் பயம் என்பதைப் பிள்ளையே தன் வாயால் புதிய பயிற்றுநருக்குச் சொல்லட்டும். நோர்வேஜிய மொழியில் அது நம்மைவிட அவர்களுக்கு நன்றாக வரும்.