எண்ணிக்கைக்கு அடங்காதவர்



நமது சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் முடிவின்றி நீளும் தொடர்கள் நிறைந்திருந்தன. அங்கே முடிவின்மை என்பது நில்லாது தொடரும் ஒரு பயணம். அந்தப் பயணம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கருதலாமா என்ற கேள்வியை அதற்கு முன்னரே ஜெர்மனியில் ஒருவர் எழுப்பியிருந்தார்.

அவர் கியோர்க் கேன்டர். ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர், லுத்தரன் விசுவாசத்தில் வளர்ந்தவர். ஹாலே நமக்கு அந்நியமான ஊர் அன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும், வேப்பேரியில் வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரிசியஸ் ஐயரும் அங்கே கற்றவர்களே.

இரு கூட்டங்கள் சமமா என்பதை எண்ணாமலே அறியலாம். காசிமேட்டில் ஒவ்வொரு மீன்கூடைக்கும் ஒரு வியாபாரி நின்று, கூடையும் ஆளும் மிஞ்சாவிட்டால் இரண்டும் சமம். அவ்வாறே 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என இணைத்துக்கொண்டே போனால், இயல் எண்களும் இரட்டைப்படை எண்களும் சமமாகின்றன. ஆனால் ஒரு கோட்டின் புள்ளிகள் அனைத்தையும் இயல் எண்களோடு இவ்விதம் இணைக்க இயலாது என்று கேன்டர் 1874-இல் நிறுவினார். ஆகவே முடிவின்மையிலும் சிறியது, பெரியது உண்டு.

பெர்லின் பேராசிரியர் குரோனெக்கர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இறையியலாளரின் அச்சமோ வேறு. முடிவின்மை தேவனுக்கே உரியதன்றோ? அது சிருஷ்டியிலும் உண்டெனில், சிருஷ்டியும் சிருஷ்டிகரும் ஒன்றாகிவிடாதா? 1886-இல் கர்தினால் பிரான்செலின் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். சிருஷ்டிக்கப்பட்ட முடிவின்மை வேறு, சிருஷ்டிக்கப்படாத நித்திய பூரணம் வேறு என்று கேன்டர் விளக்கினார். முன்னது எத்தனை பெரிதாயினும் அதனிலும் பெரியது உண்டு. பின்னதோடு எதையும் கூட்ட இயலாது. இவ்விளக்கத்தால் விசுவாசத்திற்கு ஆபத்தில்லை என்று கர்தினாலும் ஏற்றுக்கொண்டார்.

147-ஆம் சங்கீதத்தின் 4, 5 வசனங்களைத் தியானியுங்கள். எபிரெய மூலத்தில் இரு வசனங்களிலும் 'எண்ணிக்கை' என்னும் ஒரே சொல் வருகிறது. நட்சத்திரங்களுக்கு எண்ணிக்கை உண்டு; தேவனுடைய அறிவுக்கு அது இல்லை. இவற்றுக்கு முந்தின வசனமோ, மனமுடைந்தோரைத் தேற்றுகிற தேவனைப் பற்றிப் பேசுகிறது. பல ஆண்டுகள் மனநோயால் வருந்திய கேன்டர், 1918 ஜனவரி 6 அன்று ஹாலேயின் மருத்துவமனையில் மரித்தார். முடிவின்மைகளை அளந்தவருக்கும் அந்த மூன்றாம் வசனம் தேவைப்பட்டது.

ஆகையால் உங்கள் பிள்ளைகள் கணிதத்தில் ஆழமாகச் செல்வதைக் கண்டு அஞ்சாதிருங்கள். எந்தக் கணக்கும் தேவனைச் சிறியவராக்குவதில்லை. கடனும் நோயும் வேலையின்மையும் முடிவற்றவைபோல் தோன்றும் நாட்களிலும், அவை அவருக்கு மேற்பட்டவை அல்ல என்பதை நினைவுகூருவோம்.

அளவற்ற தேவனே, எங்கள் அளவுக்குள் உம்மை அடக்காதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.