தரை பதிக்க நாள் கூலி 50 தினாரியஸ்

வீட்டுக்கு டைல்ஸ் போட ஆள் பிடிக்கப் போனால் "சதுர அடிக்கு எவ்வளவு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். இந்தப் பேரத்துக்குள் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரரசர் மூக்கை நுழைத்திருக்கிறார். கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் போட்ட அதிகபட்ச விலை ஆணைதான் அது.

மூன்றாம் நூற்றாண்டு முழுக்க, அடுத்தடுத்து வந்த மன்னர்கள் நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். விலைவாசி எகிறியது. டயோக்ளீசியனோ பழியை எல்லாம் வியாபாரிகளின் பேராசை மேல் போட்டார். (நாணயம் அடித்தது யாராம்?) ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கும் வேலைகளுக்கும் உச்சவரம்பு வந்தது. மீறினால் மரண தண்டனை.

அந்தப் பட்டியலில் தரைக்குச் சிறு கற்களைப் பதிக்கும் தொழிலாளியும் இருக்கிறார். லத்தீனில் 'டெஸெல்லாரியஸ்'. நாளுக்கு 50 தினாரியஸ், சாப்பாடு வேலை கொடுப்பவர் பொறுப்பு. தச்சருக்கும் அதே 50. சுவரிலும் கூரையிலும் மொசைக் செய்பவர் என்று கருதப்படும் 'மூசெயாரியஸ்'க்கு 60. உருவம் வரையும் ஓவியருக்கு 150! வயல் கூலியாளுக்கு வெறும் 25. ஆக, நாள் முழுக்க மண்டியிட்டுக் கல் பதித்தவருக்கு, ஓவியர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு.

50 தினாரியஸுக்கு என்ன கிடைக்கும்? அதே ஆணையின்படி பன்றி இறைச்சி ஒரு பவுண்டு 12, நான்கு முட்டை 4, ராணுவ மரக்கால் கோதுமை 100, சிப்பாய் அணியும் ஒரு ஜோடி செருப்பு 100. அதாவது ஒரு ஜோடி செருப்புக்கு இரண்டு நாள் உழைக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 50 என்பது உச்சவரம்பு, குறைந்தபட்சக் கூலி அல்ல. 30 கொடுத்தாலும் சட்டம் கேட்காது. 55 கேட்டால் தலை போகும். நியாயமான கூலி என்று நாம் இன்று நினைப்பதற்கு இது நேர் எதிர். கோதுமையும் அதே விலையில் கிடைத்தால்தான் அந்த 50க்கு மதிப்பு. கிடைத்ததா?

சரக்குகள் சந்தையிலிருந்தே மறைந்தன, அற்பப் பொருட்களுக்காக ரத்தம் சிந்தியது, கடைசியில் சட்டமே கைவிடப்பட்டது என்கிறார் லாக்டான்டியஸ். அவர் அதே காலத்தவர், ஆனால் டயோக்ளீசியனைக் கண்டால் ஆகாதவர். கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் கணக்குகளும், ஆணைக்குப் பின் விலைகள் ஏறிக்கொண்டே போனதைக் காட்டுகின்றன.