கடல் கடந்த பாவைகள்



உடையத்தக்க பொருளொன்றைத் தூர தேசத்துக்கு அனுப்புவோர், அது உடையாமற் போய்ச் சேருமா என்றே முதலிற் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயினும், பழைமை வாய்ந்த பாவைகளைப் பொறுத்தவரையில் அது பாதிக் கேள்வியே. போய்ச் சேர்ந்த பாவை எது, அது எங்கிருந்து வந்தது, அதனோடு சேர்ந்த பொருள்கள் எவை என்பன வழியிலே தொலைந்துவிடாமலிருக்குமா என்பது மற்றைப் பாதி. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதற்கு, 1927ஆம் ஆண்டிலே பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே நிகழ்ந்த பாவைப் பரிமாற்றம் நல்லதொரு சான்றாகும்.

ஐக்கிய அமெரிக்கா 1924ஆம் ஆண்டில் இயற்றிய குடிவரவுச் சட்டம் யப்பானியர் அந்நாட்டிற் குடியேறுவதற்குத் தடை விதித்தது. இதனால் இரு நாடுகளுக்குமிடையே கசப்பு வளர்ந்தது. பல்லாண்டு காலம் யப்பானிலே மிசனரியாகப் பணிபுரிந்த சிட்னி கியூலிக் என்பார், பெரியோர் கெடுத்த உறவைச் சிறுவர் மூலமாகவேனும் சீர்செய்யலாகாதா எனச் சிந்தித்தார். யப்பானியச் சிறுமியர் ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாள் 'ஹினா மத்சூரி' என்னும் பாவைத் திருநாளைக் கொண்டாடுவதை அவர் அறிந்திருந்தார். அவருடைய முயற்சியால் அமெரிக்கச் சிறுவர்கள் ஏறக்குறைய 12,700 பாவைகளைச் சேகரித்து, 1927ஆம் ஆண்டின் அத்திருநாளுக்கென அனுப்பிவைத்தனர். ஒவ்வொரு பாவைக்கும் ஒரு கடவுச்சீட்டும், பயணச் சீட்டும், சிறுவர் எழுதிய கடிதமும் உடன் சென்றன.

அப்பாவைகளுட் பல, படுக்கவைத்தாற் கண்மூடுவன. சரித்தால் "மம்மா" என ஒலியெழுப்புவன. பார்ப்பவர்க்கு வியப்பளிக்கும் இவ்வமைப்புகளே பெட்டியில் இடுபவர்க்குக் கவலையளிப்பவை. கண்மூடும் பாவையின் தலைக்குள்ளே கண்களோடு சிறிய பாரமொன்று பிணைக்கப்பட்டிருக்கும். பாவை மல்லாந்து கிடக்க, பெட்டி அதிர்ந்துகொண்டேயிருந்தால், அக்கண்கள் பிடிப்பிலிருந்து கழன்று தலைக்குள் விழக்கூடும். ஆகையினால், இத்தகைய பாவையைக் குப்புறக் கிடத்தி, முகத்துக்குக் கீழே மென்மையான மெத்தை அமைத்து வைப்பது பாவை பேணுவோர் வழக்கம்.

யப்பானியர் இக்கொடையை ஏற்றதோடு அமையவில்லை. யப்பானிய வர்த்தக உலகின் முதுபெரும் தலைவரான சிபுசாவா எயிச்சி முன்னின்று உழைத்தார். பள்ளிச் சிறுமியர் தலைக்கு ஒரு 'சென்' என்னும் சிறு காசு வீதம் கொடுத்தனர். அப்பணத்தைக் கொண்டு 58 பெரும் பாவைகள் ஆக்கப்பட்டன. மாகாணங்கள், பெருநகரங்கள் முதலியவற்றின் பெயர்களை அவை தாங்கின. ஒவ்வொன்றும் மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரமுடையது. பட்டுக் கிமோனோ உடுத்து, சிறிய தளபாடங்களும் தேநீர்க் கலங்களும் விளக்குகளும் சீதனமாகக் கொண்டு அவை புறப்பட்டன. அவற்றை ஆக்கிய கலைஞருள் ஒருவரான ஹிராத்தா கோயோ, பின்னர் 1955ஆம் ஆண்டில் 'வாழும் தேசியச் செல்வம்' எனப் போற்றப்படும் பெருமதிப்பைப் பெற்றார்.

இப்பாவைகளின் முகங்களிலே காணப்படும் வெண்மை 'கோபுன்' எனப்படும் பூச்சினால் உண்டாவது. சிப்பி ஓடுகளை அரைத்துப் பெற்ற பொடியை விலங்குப் பசையோடு குழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படைகள் பூசி, இடையிடையே தேய்த்து மெருகேற்றுவர். அதன் அழகு எத்துணையோ அத்துணை அதன் மென்மையும். ஈரம் மிகுந்தாற் பசை இளகும். வரட்சி மிகுந்தால் வெடிப்புத் தோன்றும். உள்ளேயுள்ள மரமும் வெளியேயுள்ள பூச்சும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. கைவிரலின் எண்ணெய்ப் பசையும் அதிற் கறையாகப் படியும்.

இதனாலேயே பாவைகளை எடுத்துவைப்பது யப்பானிலே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட ஒரு கலையாயிற்று. திருநாள் முடிந்ததும், வானம் தெளிந்து காற்று உலர்ந்திருக்கும் ஒரு நாளைத் தேர்வர். மெல்லிய தூரிகையினால் தூசி தட்டுவர். முடி, விசிறி, வாள் முதலிய அணிகளைக் கழற்றித் தனித்தனியே சுற்றுவர். முகத்தை மென்மையான கடதாசியால் மூடுவர். பின்னர், 'கிரி' என்னும் மரத்தாற் செய்த பெட்டியில் இடுவர். அம்மரம் பாரமற்றது, ஈரக்காலத்திற் சற்றே பருத்து, மூடியின் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்வது. பூச்சிகளுக்கு அஞ்சிக் கற்பூரம் வைப்பாருமுளர். ஆனால், கற்பூரத்தோடு நப்தலின் உருண்டைகளையும் சேர்த்து வைத்தல் ஆகாது. இரண்டும் கலந்தால் உருகிப் பட்டாடையைக் கெடுத்துவிடும்.

1927ஆம் ஆண்டு நவம்பரில் 58 பாவைகளும் கப்பலேறி, அதே மாதத்திலே சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தை அடைந்தன. கடல் அவற்றைக் காயப்படுத்தவில்லை. சோதனை கரையிலே காத்திருந்தது. அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே காட்சிக்கு வைப்பதற்காக அவை ஊர் ஊராக எடுத்துச் செல்லப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் பெட்டி திறந்தனர், பீடத்தில் நிறுத்தினர், மீண்டும் கழற்றிக் கட்டினர். கட்டியவர்களுக்கு யப்பானிய எழுத்துத் தெரியாது. பாவைகளோ ஒன்றையொன்று ஒத்தவை. ஓரூர்ப் பாவை மற்றோரூரின் பீடத்தில் ஏறிற்று. ஒருத்தியின் தளபாடம் வேறொருத்தியின் பெட்டிக்குள் புகுந்தது. இறுதியில் அவை மாநிலந்தோறும் அரும்பொருட் காட்சிச்சாலைகளுக்கும் நூல்நிலையங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அவற்றுட் பல தம் பெயரல்லாத பெயரோடு குடிபுகுந்தன. விரல் ஒடியாமலே ஒரு பாவை தன்னை இழந்துவிடலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பல பதிற்றாண்டுகளுக்குப் பின்னர், திருத்தவேலைக்காகப் பாவைகள் சில தாயகத்துக்கு அனுப்பப்பட்ட காலத்தில், அறிஞர்கள் பழைய புகைப்படங்களை எடுத்து, கிமோனோவின் பூவேலையையும் குலச் சின்னங்களையும் ஒப்புநோக்கி, இன்னாள் இன்னாளே என நிறுவ முயன்றனர். தொடக்கத்திலேயே ஒவ்வொரு பொருளிலும் ஓர் இலக்கமும், இரு மொழியில் எழுதிய ஒரு சீட்டும் இணைத்திருந்தால் இவ்வுழைப்பிற் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து சென்ற பாவைகளுக்கு நேர்ந்ததோ இதனினும் கொடியது. 1941ஆம் ஆண்டில் இரு நாடுகளும் போரில் இறங்கின. நீலக் கண் பாவைகள் பகைவர் பொருளாகக் கருதப்பட்டன. பள்ளிக்கூடங்களிலே அவை உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. எனினும், ஆசிரியர் சிலர் மனம் பொறாது, பாவையைச் சுற்றிக் கட்டி, அலுமாரியின் பின்புறத்திலும் களஞ்சியத்தின் மூலையிலும் மறைத்து வைத்தனர். அகப்பட்டிருந்தால் அவர்கள் பழிக்கு ஆளாகியிருப்பர். அவ்வாறு பிழைத்து, பிற்காலத்திலே கண்டெடுக்கப்பட்டவை முந்நூறுக்கு மேற்பட்டவை. அமெரிக்கா சென்ற 58 பாவைகளுள்ளும் நாற்பதுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. பொஸ்ரன் நகரத்துச் சிறுவர் காட்சிச்சாலையில் கியோத்தோவின் பாவையைக் காணலாம்.

இன்று பழம் பாவையொன்றை அனுப்ப நேர்வோர் இவ்வரலாற்றிலிருந்து கற்கத்தக்கவை பல. பெட்டியில் இடுமுன் எப்பக்கமும் தெரியப் புகைப்படம் எடுத்தல் வேண்டும். கழலக்கூடிய உறுப்பு ஒவ்வொன்றையும் தனியே சுற்றி, அடையாளச் சீட்டு இடல் வேண்டும். அச்சுமை படியுமாதலால் செய்தித்தாளைப் பாவையின்மீது படவிடலாகாது. அமிலமற்ற மென்கடதாசியே தக்கது. கழுத்தும் மணிக்கட்டும் தாங்கப்படல் வேண்டும். மூக்கும் விரல் நுனியும் எதிலும் படாதிருத்தல் வேண்டும். உட்பெட்டியைப் பெரியதொரு வெளிப்பெட்டிக்குள் வைத்து, நாற்புறமும் மேலும் கீழும் மெத்தென்ற பொருளால் நிரப்பினால், வெளியே விழும் அடி உள்ளே எட்டாது. உள்ளடக்கத்தின் பட்டியலில் ஒரு பிரதி பெட்டிக்குள்ளும் மற்றொன்று அனுப்புவோர் கையிலும் இருத்தல் நன்று. பெட்டி போய்ச் சேர்ந்ததும் உடனே திறவாது, ஒரு நாள் அவ்விடத்தின் வெப்பதட்பத்துக்குப் பழகவிட்டுத் திறப்பதே காட்சிச்சாலைகளின் முறை.

பாவையைச் செய்தவன் பெயரை வரலாறு சில வேளைகளில் நினைவிற் கொள்கின்றது. அதனைப் பெட்டியில் இட்டுக் கட்டியவன் பெயரோ எங்கும் எழுதப்படுவதில்லை. போர்க் காலத்திலே இரகசியமாகக் கட்டி மறைத்த ஆசிரியர் பலரின் பெயர்களும் அவ்வாறே மறைந்தன. ஆயினும், அவர்கள் கைப்பட முடிந்த கயிற்றை நெடுங்காலத்தின் பின்னர் அவிழ்த்தவர்களுக்கு, உள்ளே ஒரு குழந்தை முகம் குலையாமற் கிடைத்தது. சில பெட்டிகளிலே அதன் கடவுச்சீட்டும் உடனிருந்தது.